சுட்டெண் மட்டும்

வந்தாறுமூலையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த
நாற்பத்தியொரு விடைத்தாள்கள்.
கல்முனையில் கரண்ட் இல்லை.
ரீசார்ஜ் லைட்டின் வெளிச்சம்
ஒரு நேரத்தில் ஒரு தாளுக்குத்தான் காணும்.

நான் போட்ட கேள்விதான்:
மதச் சுதந்திரம் தேடிக் கடல் கடந்தவர்கள்
மாசசூசெட்ஸ் கரையில் அதை
யாருக்குக் கொடுத்தார்கள்? ஆராய்க.

முப்பதுக்கு மேலானோர் என் குறிப்பையே
காற்புள்ளி தவறாமல் திருப்பித் தந்திருக்கிறார்கள்.
ஒருவருக்கு மாசசூசெட்ஸ் ஒரு மனிதர்,
மிகுந்த பக்திமான்.

சுட்டெண் நானூற்றுப் பதினேழு
வாங்குகளிலிருந்து தொடங்குகிறது.

"அவர்களின் சபை வீட்டில் சிலுவை இல்லை,
படம் இல்லை, குளிருக்கு ஓர் அடுப்பும் இல்லை.
ஆனால் வாங்குகளுக்கு வரிசை இருந்தது.
சொத்தும் வயதும் பரம்பரையும் பார்த்து
ஒரு குழு கூடி இடம் பிரித்தது.
இறைவனுக்கு முன்னால் எல்லாரும் பாவிகள்தான்,
முதல் வாங்குப் பாவி ஆர் என்பதில்தான் சண்டை.
எங்கட ஊரிலும் முதற்சோறு எந்தக் குடிக்கு என்று
பதினொரு வருசம் வழக்கு நடந்தது.
மறுகா ஒருவரும் உலை வைக்கவில்லை."

மறுகா.
சிவப்புப் பேனை அந்தச் சொல்லின் கீழே போய் நின்றது.
பேச்சு வழக்கு, அரைப்புள்ளி வெட்டலாம்.
பேனை நிற்க, மனம் வேறு வேலை பார்த்தது:
ஆர் இந்தப் பிள்ளை? என்ன ஆக்கள்?
கோயில் சோறா, கந்தூரிச் சோறா?

இறைவன் என்று எழுதியிருக்கு.
அது எந்தப் பக்கமும் சாயும்.
குடி என்கிறது.
குடி இங்கே எல்லாருக்கும் தாய்வழிதான்;
என் பூட்டன் வேதத்துக்கு வந்தபோது
பேரைத் தண்ணீரில் விட்டார், குடியை விடவில்லை.
மறுகாவோ
மருதமுனையிலும் மறுகா, பாண்டிருப்பிலும் மறுகா.

அங்கே சபையில் சேர வருபவர்
எழுந்து நின்று சொல்லவேண்டும்,
அருள் தனக்குள் எப்போது, எப்படி வந்ததென்று.
இருந்தவர்கள் அவர் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள்.
இதை விரிவுரையில் சொல்லும்போது
நான் சிரித்திருக்கிறேன்.

பக்கம் திருப்பினேன்.

"பொஸ்டனில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள்.
அவர்களும் அதே வேதத்தைத்தான் வாசித்தார்கள்.
மரத்தடிக்குக் கொண்டுபோகும் வழியில்
அவர்கள் பேசுவது சனத்துக்குக் கேட்காமலிருக்க
மேளம் அடித்தார்கள்."

ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு
ஒரு மாதம் மஸாஹிறா எனக்குக் கோல் எடுத்தாள்.
மேசையில் அது அடித்து ஓயும்வரை
பார்த்துக்கொண்டிருப்பேன்.
எங்கள் சபையில் யார் யார் காயம் என்று கேட்கத்தான் எடுத்தாளாம்.
பிறகொரு நாள், விடைத்தாள் கட்டின் நூலை அவிழ்த்தபடி,
தாளைப் பார்த்துச் சொன்னாள்.
இந்தத் தாளுக்கும் இரண்டாம் பரீட்சகர் அவள்தான்.

"கேள்விக்கு விடை: தங்களுக்கு மட்டும்.
ஆனால், கொட்டும் பனியில் துரத்திவிட்ட போதகர் ஒருவர்
பதினான்கு கிழமை உயிரோடு இருந்திருக்கிறார்.
அவருக்குச் சோறும் இடமும் கொடுத்தவர்கள்
வேதமறியாதவர்கள் என்று சபை ஒதுக்கிய ஆக்கள்.
கொடுத்தவர்களின் பெயர் எங்கள் குறிப்பில் இல்லை."

எங்கள் குறிப்பு என்றால்
நான் சொல்லி எழுதுவித்த குறிப்பு.

பேர் எழுதிய மூலையை மடித்து ஒட்டியிருந்தார்கள்.
பசை சரியாகப் பிடிக்கவில்லை.
நகம் உள்ளே போகும் அளவுக்கு இடம் இருந்தது,
போயும் இருந்தது.
எடுத்தேன்.
எப்போது எடுத்தேன், எப்படி எடுத்தேன் என்று
எழுந்து நின்று சொல்லச் சொன்னால்
எனக்குத் தெரியாது.

இருபதுக்குப் பதினாறு.
மஸாஹிறா கூடப் போடுவாள்.

மறுகாவை வெட்டவில்லை.
பேனை அதனடியில் கனநேரம் நின்றதில்
மை ஊறி ஒரு சிவப்புப் பொட்டு.
தாளைத் திருப்பினால் பின்பக்கத்திலும் தெரிகிறது,
அதற்கடுத்த தாளிலும்
கொஞ்சம்.